பச்சைக்கு வராத பெட்டி

கிட்டங்கித் தெருவுக்கு முதன்முதலாக இணையம் வந்த அன்று இணையம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஜெயக்கொடியும் அவள் புருஷன் வெயிலுமுத்துவும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கம்பெனி ஆள் சுவரில் ஓட்டை போட்டு, ஃபைபர் வயரை உள்ளே இழுத்து, ரவுட்டரை அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி, "அரை மணி நேரத்துல பச்சை லைட் வந்துரும், வந்துட்டா பேசிக்கலாம்" என்று சொல்லிப் போய் முழுதாகப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. பெட்டியில் மூன்று விளக்குகள் பச்சையாக எரிந்தன, நான்காவது மட்டும் சிவப்பாக எரிந்தது. அந்தச் சிவப்பு எரியத் தொடங்கிய நொடியில்தான் ஜெயக்கொடியின் பாதம் சிமெண்டுத் தரையை விட்டுப் பிரிந்தது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள், நிமிர்ந்து சிவப்பு விளக்கைப் பார்த்தாள், "நெட்டு வரலையே" என்றாள்.

அவளுக்கு இணையம் வேண்டும் என்பது ஆசைக்காக இல்லை. பதினோரு வருஷமாக அவள் கோவில்பட்டியில் ஒரு மாடி அலுவலகத்தில், எங்கோ கடல் தாண்டி இருக்கிற டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறதைக் காதில் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள். அந்த மாடியைக் காலி செய்துவிட்டு, இனிமேல் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே அடித்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கிற சுபத்ரா மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: பதினான்காம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குள் வீட்டு இணைப்பில் இருந்து உள்ளே நுழைய வேண்டும், நுழையாதவர்களுடைய இடம் வேறு ஆளுக்குப் போகும். செல்போனை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளின் இரண்டடிச் சுவர்களுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்தத் தெருவுக்குள் இணையத்துக்குப் போதுமான சிக்னல் எட்டிப் பார்த்ததில்லை. பெட்டியை மாட்டியது ஐந்தாம் தேதி. ஒன்பது நாள் தாராளம் என்றுதான் அவள் நினைத்தாள்.

அன்று மத்தியானம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாள். சிக்னலுக்காக மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுதான் பேச முடிந்தது, அதுவும் படிக்கு ஒரு சாண் மேலே நின்று. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண்குரல் பதினாறு தடவை சொன்ன பிறகு ஒரு பையன் வந்தான்.

"சொல்லுங்க மேடம்."

"புது கனெக்‌ஷன் தம்பி. நெட்டு வரல. சிவப்பு லைட் எரியுது. நாங்க எல்லாரும் தரையில நிக்காம மேல நிக்கிறோம்."

"சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுதா, ஒரே சீராவா மேடம்?"

"ஒரே சீரா."

"சரி மேடம். பெட்டியை அணைச்சிட்டு, முப்பது எண்ணிட்டு, திரும்பப் போடுங்க."

அவள் கீழே வந்து அணைத்தாள். அணைத்ததும் பாதம் தொப்பென்று தரையில் பட்டது. முப்பது எண்ணினாள். போட்டாள். மூன்று பச்சை வந்தது, ஒரு சிவப்பு வந்தது, அவள் உயர்ந்தாள். மறுபடி படியேறினாள், மறுபடி பதினாறு தடவை முக்கியமானவள் ஆனாள், இந்தத் தடவை வேறொரு பையன் வந்தான். அவனும் அணைத்து முப்பது எண்ணிப் போடச் சொன்னான்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை, ஏனென்றால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண், வாசலில் நாலு விரல், தெரு நடுவில் ஒரு விரல் என்று அந்தச் சக்தி வெளியேயும் பரவியிருந்தது. நடந்து போகிறவர்கள் அந்த வீட்டைக் கடக்கும்போது செருப்புச் சத்தம் நின்றுபோய், கடந்த பிறகு மறுபடி கேட்டது. உயிருள்ளவைதான் உயர்ந்தன, பானை, கட்டில், நாற்காலி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. கோழிகள் ஒரு விரல் உயரத்தில் மேய முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுத் தெருக்கோடிக்கு இடம் மாறின. ஆட்கள் அப்படி மாறவில்லை, உள்ளே வந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் முதலில் வந்தார்கள், குதிகால் வெடித்தவர்கள் அடுத்து வந்தார்கள், நாள் முழுக்க நின்றபடி வத்தல் தரம் பிரிக்கிற பெண்கள் வேலை விட்டதும் நேராக வந்தார்கள், நிறைமாதக்காரி ஒருத்தி அவள் மாமியாரோடு வந்து, "அம்மாடி, இப்பத்தான் இடுப்பு எனக்குன்னு இருக்கு" என்று சொல்லி இரண்டு மணி நேரம் நின்றாள். மூன்றாம் நாள் ஜெயக்கொடியின் வாசலில் நாற்பது ஜோடி செருப்புக் கிடந்தது. காய்கறிக்காரக் குருவம்மாள் கூடையோடு தெருத் தெருவாகச் சுற்றுவதை விட்டுவிட்டு அந்த வாசலிலேயே கடை போட்டாள்.

வெயிலுமுத்துவுக்கு இது பிடித்துப்போயிற்று. பெட்ரோல் பங்கில் வேலை பார்த்து வருகிற, யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத அந்த மனிதரிடம் இப்போது எல்லாரும் பேசினார்கள். "முதல்ல ஒரு காலை லேசா வீசணும், தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி" என்று அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

"நெட்டு வந்தா இதெல்லாம் போயிருமோ?" என்று ஒருத்தர் கேட்டபோது, "அது எங்க வரப்போகுது" என்று அவர் தைரியம் சொன்னதை அடுப்படியில் நின்ற ஜெயக்கொடி கேட்டாள். அவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மறுபடி படியேறினாள்.

ஆனால் அந்தத் தெருவில் இந்த அதிசயத்தை உண்மையில் பெற்றவர் எதிர்வீட்டு லூர்துசாமி ஒருவர்தான். பஸ் டிரைவராக இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் வண்டி பள்ளத்தில் இறங்கியதில் பயணிகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள், அவர் முதுகெலும்பு மட்டும் பிழைக்கவில்லை. கால்களில் கொஞ்சம் உணர்ச்சி இருந்தது, அசைக்கவும் முடிந்தது, ஆனால் உடம்பைத் தாங்குகிற வலு அவற்றில் இல்லை. அதிலிருந்து எதிர்வீட்டு வாசலில் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைத் திட்டுவதே அவருக்கு வேலை. நான்காம் நாள் காலையில் அவர் மனைவி பிலோமினா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து ஜெயக்கொடியின் படியருகே நிறுத்தினாள். வெயிலுமுத்துவும் இன்னொருவரும் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், பெட்டிக்கு நேர் கீழே கொண்டுபோய், மெதுவாகக் கையை எடுத்தார்கள்.

அவர் நின்றார். தாங்க வேண்டிய பாரம் இல்லாத அந்தக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே போயின. அலமாரியிலிருந்து ஜன்னல் வரை போனார், ஜன்னலிலிருந்து அலமாரிக்கு வந்தார். பிலோமினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஐந்தாவது நடையில்தான் லூர்துசாமி வாயைத் திறந்தார்.

"ஏ ஜெயக்கொடி, இந்த மேசைய யாரு இங்க போட்டா? மனுசன் நடக்கிற பாதையில."

அது அவளுடைய கம்ப்யூட்டர் மேசை. வெயிலுமுத்து அதைத் தூக்கி அடுப்படியில் போட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் அவள் வாசல் தெளிக்கும் முன்னாலேயே லூர்துசாமி வந்துவிட்டார். நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். அவள் சமைக்கும்போது பின்னால் நடந்தார், சாப்பிடும்போது பக்கவாட்டில் நடந்தார், போனில் பேசப் படியேறும்போது படியடி வரை கூடவே நடந்து வந்தார். அவளோ அணைத்தாள், முப்பது எண்ணினாள், போட்டாள். அணைக்கிற ஒவ்வொரு தடவையும் வீட்டில் இருக்கிற முப்பது பேரும் விழுந்துவிடக் கூடாதே என்று, "எல்லாரும் உக்காருங்க, அணைக்கப் போறேன்!" என்று கத்த வேண்டியிருந்தது. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "காலையிலதானே அணைச்ச?" என்று கேட்டார்கள். "அடிக்கடி அணைச்சா பெட்டி கெட்டுப்போகும் தாயி" என்று அக்கறையாகச் சொன்னார்கள். பெட்டி கெட்டுப்போய்த்தான் இப்படி இருக்கிறது என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? புகார் எண் கொடுத்தார்கள், நாற்பத்தெட்டு மணி நேரம் என்றார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் போனதும் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது, அவள் மறுபடி கூப்பிட்டதும் புது எண் கொடுத்தார்கள்.

"மேடம், உங்க பகுதியில எந்தப் பிரச்சனையும் காட்டலையே."

"எட்டு நாளா நான் தரையில கால் வைக்கல தம்பி!"

"புரியுது மேடம். அதுக்கு எங்க சிஸ்டத்துல தனியா ஒரு இடம் இல்ல. நெட் வேகம் குறைவுன்னு போட்டுக்கட்டுமா?"

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். கீழே யாரோ சிரிக்கிற சத்தமும், குருவம்மாள் முருங்கைக்காய் விலை சொல்கிற சத்தமும், லூர்துசாமி யாரையோ பாதையை விட்டு விலகச் சொல்லித் திட்டுகிற சத்தமும் கேட்டன.

பதினான்காம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு, அவள் நம்பிக்கையை விட்டுவிட்ட பிறகு, தோளில் வயர்ச் சுருளோடு மகாராஜன் என்ற ஆள் வந்தார். கூட்டத்தை விலக்கி உள்ளே வந்து, ஒரு சாண் உயர்ந்து, சிவப்பு விளக்கைப் பார்த்து, கையில் வைத்திருந்த சின்ன மீட்டரை வயரில் செருகிப் பார்த்தார்.

"லைன் நல்லா இருக்கு மேடம். உங்க பெட்டி நம்பரை வேற தெரு பேருல ஏத்திட்டாங்க. பேசி மாத்திட்டு, பெட்டியிலயும் போட்டுட்டா பச்சை வந்துரும். இருபது நிமிஷ வேலை."

லூர்துசாமி ஜன்னலோரம் நின்றார்.

"பச்சை வந்தா?" என்று பிலோமினா கேட்டாள்.

"நெட்டு வரும்."

"அது இல்ல. இது?"

மகாராஜன் தன் கால்களைப் பார்த்தார். "இது நின்னுரும்கா. ஒரு தடவை பச்சை ஏறிட்டா பெறகு சிவப்புக்குத் திரும்பாது."

"வேற பெட்டி ஒண்ணு எனக்குக் குடுத்துட்டு, இத இப்படியே விட்டுட்டுப் போங்களேன்" என்று ஜெயக்கொடிதான் கேட்டாள்.

"கையில இல்ல மேடம். எழுதிப் போட்டா வர இருபது நாள் ஆகும்."

அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருபது நாள் பொறுத்தால் என்ன என்றார்கள், அந்த மேற்பார்வை அம்மாவிடம் போனில் சொல்லிப் பார் என்றார்கள், வேலை இன்னொன்று கிடைக்கும் கால் கிடைக்குமா என்றார்கள். வெயிலுமுத்துகூட, "ஜெயக்கொடி, லூர்துசாமி மச்சான் மொகத்தைப் பாரு" என்றார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று அவள் கத்தினாள். "ஒம்பது நாளா எல்லார் மொகத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முழங்கால் தேவலையான்னு கேட்டீங்க, இடுப்பு தேவலையான்னு கேட்டீங்க, இத்தனை பேருல ஒருத்தராவது என் வேலை என்னாச்சுன்னு கேட்டீங்களா? என் மேசையத் தூக்கி அடுப்படியில போட்டீங்க. அதுமேல இப்ப அரிசிச் சாக்கு கிடக்கு. இந்த வீட்டு அடுப்பு பதினோரு வருசமா எதுல எரியுதுன்னு இவருக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார். லூர்துசாமி ஜன்னலிலிருந்து அவளிடம் மெதுவாக நடந்து வந்தார்.

"நான் கேக்கல. இப்பக் கேக்கேன். எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கண்ணே."

"இப்ப?"

"ரெண்டு பத்து."

"மூணு மணிக்கு ஒன் பெட்டியத் திருப்பிக் குடுத்திருதேன். அதுவரைக்கும் தெருமுக்கு வரை போகணும் எனக்கு. இந்த நாலு சுவத்துக்குள்ள நடந்ததெல்லாம் ஒரு நடையா?"

மெயின் ரோட்டைத் தொடுகிற தெருமுக்கு இருபத்திரண்டு வீடு தள்ளி இருந்தது. ஜெயக்கொடி மகாராஜனைப் பார்த்தாள். ஃபைபரைக் கழற்றினாலும் கரண்ட் இருக்கிற வரை சிவப்பு எரியும் என்றார் அவர். எனக்கு இன்னும் நாலு வீட்டு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொல்லியபடியே திருப்புளியை எடுத்துப் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றவும் செய்தார்.

வீடுகளிலிருந்து வயர்கள் வந்தன. இஸ்திரிப்பெட்டிக்குப் போட்டிருந்த வயர் வந்தது, மிக்சிக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி வந்தது, கிட்டங்கியில் எடைமெஷினுக்குக் கொடுத்திருந்த வயர் வந்தது, மைக்செட்காரர் வீட்டிலிருந்து கறுப்பு வயர்ச் சுருள் இரண்டு வந்தது. ஒன்றை ஒன்றில் செருகி, செருகிய இடத்தைத் துணியால் கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டே போகத் தோதாக வாசலில் சுருட்டிப் போட்டார்கள். ஜெயக்கொடி கடைசியாக ஒரு தடவை, "எல்லாரும் உக்காருங்க!" என்றாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெட்டியை நீட்டு வயரில் மாட்டினாள், சிவப்பு வந்தது, எழுந்தார்கள்.

அவள் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து முன்னால் போனாள், லூர்துசாமி அவளுக்கு இரண்டடி பின்னால் வந்தார், பிலோமினா தொட்டும் தொடாமலும் அவருக்குப் பக்கத்தில் வந்தாள், வெயிலுமுத்து காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார், தெரு முழுவதும் ஒரு சாணும் நாலு விரலுமாக உயர்ந்து செருப்புச் சத்தமே இல்லாமல் அவர்களுக்குப் பின்னால் வந்தது. வத்தல் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கிட்டங்கி வாசலுக்கு வந்து, பெட்டி கடக்கும்போது தாங்களும் உயர்ந்து, கடந்ததும் இறங்கினார்கள். நடுவழியில் யாரோ தெரியாமல் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சை அணைக்கப்போய் இருபது பேர் கத்தியதில் கையை எடுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் அடைபட்ட சாக்கடை, புதிதாக வந்த தண்ணீர்த் தொட்டி, இடிந்துபோன ஒரு வீடு என்று ஒவ்வொன்றின் முன்னாலும் லூர்துசாமி நின்று, யார் இப்படிச் செய்தது என்று திட்டி, பிறகு நடந்தார்.

முக்கை அடைந்தபோது மணி இரண்டு ஐம்பது. மெயின் ரோட்டில் வண்டிகள் போயின. அவர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். ஒரு லாரி, ஒரு ஆட்டோ, வெளியூர் பஸ் ஒன்று. வலது பக்கம் ரோடு ஓடைப்பாலம் வரை நேராகக் கிடந்தது. மூன்று மணி ஆயிற்று. அவர் திரும்பவில்லை. மூன்று ஐந்து ஆயிற்று. பெட்டியைத் தூக்கிப் பிடித்த ஜெயக்கொடியின் கைகள் மரத்துப்போயின, வெயிலுமுத்து வந்து ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார்.

"அண்ணே" என்றாள்.

"பாலம் வரைக்கும்."

"வயர் முடிஞ்சிருச்சுண்ணே."

"ரெண்டு நிமிசம்."

இரண்டு நிமிஷம் கொடுத்தாள். இன்னும் இரண்டு கொடுத்தாள். மூன்று பதினைந்துக்கு, ஏதாவது சொன்னால் அழுதுவிடுவாள் போலிருந்தது, அழுதால் திரும்பிப் போக முடியாது என்றும் தெரிந்தது. பிலோமினாதான் புருஷனின் இடுப்பை வளைத்துப் பிடித்தாள்.

"உக்காருங்க. அந்தப் பிள்ளைக்கு வேலை இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார். ஜெயக்கொடி அவர் முகத்தைப் பார்க்காமல் வயரைப் பிடுங்கினாள். முக்கில் இருந்து தொடங்கி, கூட்டத்தின் கடைசி ஆள் வரை, அத்தனை பாதங்களும் ஒரே சத்தத்தோடு மண்ணில் பட்டன.

அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மகாராஜன் மாட்டினார், படியேறி யாரிடமோ போனில் கத்தினார், எதையோ அடித்தார். மூன்று நாற்பத்தொன்றுக்கு நான்காவது விளக்கு பச்சையானது. அவள் அரிசிச் சாக்கைக் கீழே தள்ளிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது ஒன்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்த எதையோ புதுப்பிக்கத் தொடங்கி, பன்னிரண்டு சதவீதம் என்றது, அணைக்க வேண்டாம் என்றது. அவள் மேசையில் தலையை முட்டிக்கொண்டாள். கடைசியில் திரை திறந்தபோது கடவுச்சொல் தப்பு என்றது, இரண்டாவது தடவையும் தப்பு என்றது. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அடித்தாள். மூன்று ஐம்பத்தெட்டுக்கு உள்ளே நுழைந்தாள். காதில் மாட்டியதும் கடல் தாண்டிய ஒரு டாக்டர் யாருடைய காதுவலியைப் பற்றியோ நிதானமாகப் பேச ஆரம்பித்தார். அவள் கண்ணீரைத் துடைக்காமலே அடித்தாள்.

அடுத்த மாதத்தில் கிட்டங்கித் தெருவில் ஆறு வீடுகள் இணைப்பு வாங்கின. இணையத்துக்காக யாரும் வாங்கவில்லை. ஆறிலும் முதல் தடவையிலேயே நாலு விளக்கும் பச்சையாக எரிந்தன. அவர்கள் வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு, நெட்டு நன்றாக வருகிறது என்று புகார் செய்தார்கள். அணைத்து, முப்பது எண்ணிப் போடச் சொன்னார்கள். போட்டார்கள். மறுபடியும் நன்றாகவே வந்தது. முழங்கால் வலிக்காரர்கள் தைலத்துக்குத் திரும்பினார்கள், குருவம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றப் போனாள், நிறைமாதக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

லூர்துசாமி மட்டும் ஜெயக்கொடியோடு பேசவில்லை. அவள் வாசலுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், யாரையும் திட்டுவதுகூட இல்லை. நாற்பது நாள் ஆன பிறகு ஒரு சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு அவள் இரண்டு டம்ளரில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"நெட்டு வருதா?" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே.

"வருதுண்ணே."

"நல்லா வருதா?"

"நல்லா வருது."

அவர் தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா பாலம் வரைக்கும் போயிருப்பேன்."

"வயர் இல்லையேண்ணே."

"அதத்தான் சொல்லுதேன். இம்புட்டுப் பெரிய தெரு" என்றார் லூர்துசாமி, டம்ளரை எடுத்துக்கொண்டே. "ஒருத்தன் வீட்லயும் நீளமா ஒரு வயர் இல்ல."